லவாய்சியரும் தராசும்

உப்பைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் உப்பு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. விறகை அடுப்பில் வைத்து எரித்தால் விறகும் மறைந்து ஒரு பிடி சாம்பலே மிஞ்சுகிறது. பார்ப்பவனுக்கு இரண்டும் அழிவாகவே தோன்றும். ஆயினும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்தால் போட்ட உப்பு போட்டபடியே திரும்பி வருகிறது. சாம்பலை எத்தனை நாள் வைத்துக் காத்திருந்தாலும் விறகு திரும்பி வருவதில்லை. நெய் உருகுவதும், நீர் ஆவியாவதும், ஆவி குளிர்ந்து மறுபடி நீராவதும் உப்புக் கரைவதைச் சேர்ந்தவை. உருவம் மாறுகிறதேயன்றிப் பொருள் மாறுவதில்லை. இதைப் பௌதிக மாறுதல் என்பர். விறகு எரிவதும், இரும்பு துருப்பிடிப்பதும், பால் தயிராவதும், பதநீர் புளித்துக் கள்ளாவதும் வேறு வகை. அங்கே பழைய பொருள் போய்ப் புதுப்பொருள் பிறக்கிறது. இதை ரஸாயன மாறுதல் என்பர்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இப்பாகுபாட்டை இன்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் இரண்டாம் வகை மாறுதலில் உண்மையில் நடப்பது யாது, போன விறகு எங்கே போயிற்று என்ற கேள்விக்கு இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன் பெரும் பண்டிதர்களும் தவறான விடையையே கூறிவந்தனர். அதைத் திருத்தியவர் பாரிஸ் நகரத்து வரிக் குத்தகைக்காரர் ஒருவர். ஜனங்களின் பேரால் ஆண்ட ஓர் அரசாங்கம் அவரைச் சிரச்சேதம் செய்தது. அவர் செய்த காரியத்தையும், அவருக்குச் செய்யப்பட்ட காரியத்தையும் ஒருங்கே அறிந்துகொள்வது, பொதுக் காரியங்களில் இறங்கியுள்ள நமது நேயர்களுக்கு அவசியமென்று கருதுகிறோம்.

அந்துவான் லோரான் லவாய்சியர் 1743-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 26-ந் தேதி பாரிஸில் பிறந்தார். தகப்பனார் செல்வாக்குள்ள வக்கீல். தாயார் இவருடைய ஐந்தாம் வயதில் காலமாகிவிட்டார். குடும்ப வழக்கத்தையொட்டி இவரும் சட்டம் பயின்று, 1764-ல் வக்கீல் தொழில் நடத்தும் தகுதி பெற்றார். ஆனால் தொழிலை நடத்தவே இல்லை. படித்தது சட்டம், பற்று வேறிடத்தில் என்பது உலகத்தில் அபூர்வமன்று. பத்திரிகை நடத்தவந்த வக்கீல்கள் இதைப்பற்றிக் குறைகூற நியாயமுமில்லை. இளைஞருக்கு மனம் சென்றதெல்லாம் கற்களிலும் நீரிலும் வாயுக்களிலுமே.

பாரிஸ் கட்டடங்களின் பூச்சு வேலைக்கு உதவும் ஜிப்ஸம் என்னும் கல்லைப் பற்றி 1765-ல் ஸயன்ஸ் அகாடமியின் முன் படித்த கட்டுரை இவருடைய முதல் முயற்சி. அந்தக் கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் பொடியாகிறது. பொடியை நீர்விட்டுக் குழைத்தால் மறுபடி கல்லைப்போல் இறுகுகிறது. இது கொத்தனார்கள் எல்லோரும் அறிந்த விஷயந்தான். சுடும்போது கல்லைவிட்டு வெளியேறுவது நீரே என்றும், இறுகும்போது அது அந்த நீரையே திரும்ப உட்கொள்கிறது என்றும் நிறுத்துப் பார்த்துக் காட்டியது மட்டுமே இவர் செய்த புதுமை.

நிறுத்துப் பார்ப்பது என்ற இந்தச் சிறிய பழக்கத்தில்தான் இவருடைய பெருமை முழுவதும் அடங்கியிருக்கிறது. அக்காலத்தில் நீரை ஓயாமல் காய்ச்சினால் அது மண்ணாகிவிடும் என்று கற்றவர்களும் நம்பினர். கண்ணாடிப் பாத்திரத்தில் நெடுநேரம் நீரைக் கொதிக்கவைத்தால் அடியில் மண் போன்ற வண்டல் தங்குவது அதற்குக் கண்கண்ட சாட்சியமாக இருந்தது. லவாய்சியர் என்ன செய்தார்? எழும்பும் ஆவி குளிர்ந்து அதே பாத்திரத்தில் வந்து விழும்படி அமைக்கப்பட்டு, நன்றாக மூடப்பட்ட கண்ணாடிக் கலம் ஒன்றை எடுத்துக்கொண்டார். கலத்தைத் தனியே நிறுத்தார். நீரைத் தனியே நிறுத்தார். 101 நாள் இரவும் பகலும் அனல்மேல் வைத்திருந்தார். பின்னர்ப் பார்த்தபோது வண்டல் இருந்தது. ஆனால் நீரின் எடை குறையவில்லை. கலத்தின் எடைதான் குறைந்திருந்தது. வண்டல் வந்தது கண்ணாடியிலிருந்தேயன்றி நீரிலிருந்தன்று என்று ஏற்பட்டது. எத்தனை முறை ஆவியாகி எத்தனை முறை திரும்பினாலும் நீர் நீராகவே இருந்தது. தலைமுறை தலைமுறையாக நின்ற கொள்கை ஒன்று தராசுக்கு முன் நிற்கமாட்டாமல் விழுந்தது.

1768-ம் வருஷத்தில் இவர் ஸயன்ஸ் அகாடமியின் அங்கத்தினரானார். அதே வருஷத்திலேயே, தாயார் வழியாகக் கிடைத்த சொத்தைக் கொண்டு, வரிக் குத்தகைக் கம்பெனியில் ஒரு பங்கின் ஒரு பகுதியை வாங்கினார். முதலாவது காரியம் அவருக்கு அழியாப் புகழையும், இரண்டாவது காரியம் மரணத்தையும் தேடிக் கொடுத்தன.

அந்தக் கம்பெனியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பிரெஞ்சு மன்னர் உப்பு, புகையிலை, நகரத்துக்குள் வரும் சரக்கு முதலியவற்றின்மேல் விதித்த வரிகளைத் தாமே வசூலிப்பதில்லை. சுமார் அறுபது தனவந்தர்கள் கூடிய ஒரு கூட்டத்தாருக்குக் குத்தகையாக விட்டுவிடுவார். அவர்கள் பேசிய தொகையை முன்கூட்டியே மன்னருக்குக் கட்டிவிட்டு, ஜனங்களிடமிருந்து அதற்குமேல் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவையும் கறந்துகொள்வார்கள். பிரான்ஸின் பல பிரதேசங்களில் ஒவ்வொரு குடும்பமும், வேண்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், வருஷத்துக்கு இவ்வளவு உப்பு வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. ஒரு மாகாணத்தில் மலிவாக இருக்கும் உப்பு அடுத்த மாகாணத்தில் பன்மடங்கு விலை. எல்லை தாண்டி உப்பு கடத்தியவர்களை ஆயுதம் தாங்கிய சேவகர்கள் பிடித்துக் கப்பலில் துடுப்புத் தள்ளும் தண்டனைக்கு அனுப்பினார்கள். 1930-ம் வருஷத்தில் தண்டியிலும் வேதாரண்யத்திலும் நடந்தவற்றை அறிந்த நமது ஜனங்களுக்கு உப்பு வரியின் சுவை இன்னதென்று விவரிக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ஜனங்கள் இந்தக் குத்தகைக்காரர்களைப் பகைத்தது நியாயமே. லவாய்சியரின் ஆராய்ச்சிச் சாலையில் இருந்த விலையுயர்ந்த தராசுகளும் கண்ணாடிக் கருவிகளும் பெரும்பாலும் இந்த வருமானத்தில் வாங்கப்பட்டவை. அதை மறைத்து அவர் சரித்திரத்தை எழுதுவது நேர்மையாகாது.

1771-ல் கம்பெனியின் மற்றொரு பங்காளியாகிய போல்ஸ் என்பவருடைய குமாரத்தி மேரி ஆன் என்ற பெண்ணை மணந்தார். மாப்பிள்ளைக்கு இருபத்தெட்டு வயது, பெண்ணுக்குப் பதின்மூன்று. இந்த அம்மையார் வெறும் இல்லத்தரசியாக இருந்துவிடவில்லை. கணவருக்கு ஆங்கிலம் வராதாகையால் தாம் ஆங்கிலம் கற்று, இங்கிலாந்தில் வெளிவந்த ரஸாயன நூல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார். டேவிட் என்ற பேர்பெற்ற ஓவியரிடம் சித்திரம் பயின்று, கணவரின் நூலுக்கு வேண்டிய கருவிப் படங்களைத் தாமே வரைந்தார். பரிசோதனை நடக்கும்போது பக்கத்தில் அமர்ந்து கணக்குக் குறித்துக்கொள்வதும் அவரே. விடியற்காலை ஆறு மணி முதல் ஒன்பது வரையிலும், இரவு ஏழு முதல் பத்து வரையிலும் ஆராய்ச்சி. இடையிலுள்ள பகல் முழுவதும் உத்தியோகக் காரியம். வாரத்தில் ஒரு நாள் முழுவதும் பரிசோதனை. இப்படியே அவர்கள் வாழ்க்கை நடந்தது.

இனி, விறகு எங்கே போயிற்று என்ற கேள்விக்கு வருவோம். எரியக்கூடிய ஒவ்வொரு பொருளிலும் பிளாஜிஸ்டன் என்ற ஒரு வஸ்து அடங்கியிருக்கிறது, எரியும்போது அது வெளியேறிவிடுகிறது, மிஞ்சுவது சாம்பல் என்பது அக்காலத்துக் கொள்கை. ஜெர்மானியராகிய ஸ்டால் என்பவர் பரப்பிய இக்கொள்கையை ஐரோப்பா முழுவதும் ஒப்புக்கொண்டிருந்தது. விறகைப் பார்த்தால் அது சரியென்றே படும். ஆனால் ஈயத்தையோ வெள்ளீயத்தையோ காற்றில் நெடுநேரம் காய்ச்சிப் பஸ்மமாக்கினால், பஸ்மம் உலோகத்தைவிட எடை மிகுந்திருக்கிறது. ஒரு வஸ்து வெளியேறியபின் எடை கூடுவது எப்படி? பிளாஜிஸ்டனுக்கு எடைக்கு மாறான ஒரு குணம் உண்டு, அது போனால் பொருள் கனத்துவிடும் என்று சமாதானம் சொன்னவர்களும் இருந்தார்கள். கொள்கையை விட மனமில்லாதவன் எதைச் சொல்லத்தான் கூசுவான்?

1772-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் லவாய்சியர் முத்திரையிட்ட உறை ஒன்றை அகாடமியின் காரியதரிசியிடம் ஒப்படைத்தார். கந்தகமும் பாஸ்பரஸும் எரிந்தபின் எடை குறைவதற்குப் பதில் கூடுகின்றன, கூடுதலுக்குக் காரணம் அவை காற்றிலிருந்து ஏதோ ஒன்றை உட்கொள்வதே என்பது அதில் கண்ட விஷயம். அடுத்தபடியாக வெள்ளீயத்தை ஒரு கண்ணாடிக் கலத்திலிட்டு, வாயை உருக்கி அடைத்து, நிறுத்து, பின் காய்ச்சினார். உள்ளே உலோகம் பஸ்மமாயிற்று. மொத்த எடையோ சிறிதும் மாறவில்லை. வாயை உடைத்ததும் வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே புகுந்தது. அப்பொழுதுதான் எடை கூடிற்று. நெருப்பு எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. அடைபட்ட காற்றின் ஒரு பகுதியே உலோகத்தோடு சேர்ந்தது என்பது இதனால் விளங்கிற்று.

காற்றின் அந்தப் பகுதி எது? 1774-ம் வருஷம் அக்டோபரில் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலப் பாதிரியார் பாரிஸுக்கு வந்து லவாய்சியர் வீட்டில் விருந்துண்டார். பாதரசத்தின் சிவந்த பஸ்மத்தைச் சூடாக்கினால் வெளிப்படும் ஒரு வாயுவில் மெழுகுவர்த்தி அதிசயமான பிரகாசத்துடன் எரிவதை அவர் பேச்சுவாக்கில் தெரிவித்தார். ஸ்வீடனில் ஷீலே என்பவரும் அதே வாயுவைத் தனியே கண்டுபிடித்திருந்தார். இருவரும் வாயுவைக் கண்டார்கள்; அது இன்னதென்று காணவில்லை. பிரீஸ்ட்லி சாகும்வரையில் பிளாஜிஸ்டனைக் கைவிடவே இல்லை. லவாய்சியர் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு பிரசித்தமான பரிசோதனையைச் செய்தார். நான்கு அவுன்ஸ் பாதரசத்தை 50 கன அங்குலக் காற்றோடு அடைத்துப் பன்னிரண்டு நாள் விடாமல் காய்ச்சினார். இரண்டாம் நாளிலிருந்து பாதரசத்தின்மேல் செந்தூரம் போன்ற சிவந்த பொடி படியத் தொடங்கிற்று. முடிவில் காற்று 42 அல்லது 43 கன அங்குலமாகச் சுருங்கியிருந்தது. மிஞ்சிய காற்றில் விளக்கு அணைந்தது, பிராணிகள் மூச்சுமுட்டின. பிறகு சிவந்த பொடியைப் பொறுக்கித் தனியே கடுமையாகச் சூடாக்கினார். பொடி மறுபடி பாதரசமாயிற்று. ஏழெட்டு கன அங்குலம் வாயு வெளிப்பட்டது. அதை எஞ்சிய காற்றோடு கலந்தவுடன் பழைய சாதாரணக் காற்று திரும்பி வந்துவிட்டது. குறைந்தது எவ்வளவோ, கிடைத்ததும் ஏறத்தாழ அவ்வளவே.

நாம் பிராணவாயு என்று சொல்லும் பொருள் இதுதான். எரிதல் என்பது ஒரு வஸ்து வெளியேறுவதன்று. பிராணவாயு வந்து சேர்வது. இரும்பு துருப்பிடிப்பது புகையும் சுவாலையும் இல்லாமல், நீரின் உதவியுடன், மெதுவாக நடக்கும் அதே சேர்க்கை. விறகு அழியவில்லை. அதிலுள்ள கரி பிராணவாயுவோடு சேர்ந்து கரியமில வாயுவாகவும், ஜலவாயு பிராணவாயுவோடு சேர்ந்து நீராவியாகவும் புகைப்போக்கி வழியே வெளியேறின. அவற்றையெல்லாம் பிடித்துச் சாம்பலோடு சேர்த்து நிறுத்தால், விறகின் எடையோடு அது உட்கொண்ட பிராணவாயுவின் எடையும் சேர்ந்து அப்படியே தராசில் வந்து நிற்கும்.

லவாய்சியரிடம் ஒரு குறை உண்டு. பிறர் காட்டிய வழியைப் பிறர் காட்டியது என்று தாராளமாகச் சொல்லும் மனம் அவருக்கு இல்லை. பிரீஸ்ட்லிக்கு உரிய பங்கை அவர் முதலில் கொடுக்கவில்லை. நீர் ஒரு மூலப்பொருளன்று, ஜலவாயுவும் பிராணவாயுவும் கூடியது என்ற விஷயத்திலும் இப்படியே நடந்துகொண்டார். இங்கிலாந்தில் கவெண்டிஷ் செய்த பரிசோதனையைப் பற்றிக் கேள்விப்பட்ட பின்னரே 1783-ம் வருஷம் ஜூன் மாதத்தில் இவர் தமது பரிசோதனையைச் செய்தார். ஆயினும் கவெண்டிஷுக்குரிய கௌரவத்தை அளந்தே அளித்தார். பின்பு, பழுக்கக் காய்ச்சிய துப்பாக்கிக் குழலுக்குள் நீராவியைச் செலுத்தி, இரும்பு பிராணவாயுவை எடுத்துக்கொள்ள, ஜலவாயு தனியே வெளிவருமாறு செய்து காட்டியது இவருடைய சொந்தத் திறமை. 101 நாள் கொதித்தும் மாறாத நீர், செங்காய்ச்சல் இரும்பைத் தொட்ட கணத்தில் இரண்டாகப் பிரிந்தது. பௌதிக மாறுதலுக்கும் ரஸாயன மாறுதலுக்கும் இதைவிடத் தெளிவான உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

அடுப்பில் நடப்பதே உடலிலும் நடக்கிறது என்று காட்டியதும் இவரே. 1782-83 குளிர்காலத்தில் லாப்லாஸ் என்னும் கணித மேதையுடன் சேர்ந்து, கினிப்பன்றி என்ற சிறு பிராணியைப் பனிக்கட்டி சூழ்ந்த ஒரு பெட்டிக்குள் வைத்தார். அதன் உடற்சூட்டினால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது, அது எவ்வளவு கரியமில வாயுவை மூச்சில் விடுகிறது என்பவற்றை அளந்து, கரியை எரித்தால் உண்டாகும் அளவுகளோடு ஒப்பிட்டார். இரண்டும் பெரும்பாலும் ஒத்திருந்தன. மூச்சுவிடுவது மெதுவாக எரிவதே. நாம் உண்ணும் உணவே அதற்கு விறகு.

இந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியில்தான் அரசியல் எட்டிப்பார்க்கிறது. 1789-க்குப்பின் செகென் என்ற உதவியாளரின் முகத்தில் மூடி ஒன்றைப் பொருத்தி, அவர் சும்மா இருக்கும்போதும், சாப்பிட்ட பிறகும், காலால் பாரம் தூக்கும்போதும் எவ்வளவு பிராணவாயு செலவாகிறதென்று அளந்தார். உழைக்கும்போது செலவு மிக அதிகமாகிறது. அப்படியாயின் உழைக்கும் ஏழையின் உடல் அதிகமாக எரிகிறது, அவனுக்கே உணவு அதிகம் வேண்டும். ஆனால் உணவு குவிந்து கிடப்பதோ உழைக்காத செல்வனிடம். வரிக் குத்தகையில் செல்வம் சேர்த்தவர் இந்த முரண்பாட்டைத் தமது கட்டுரையில் ஒளிக்காமல் எழுதி, புதிய ஏற்பாடுகள் உழைப்பாளியின் கூலியை உயர்த்தி இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் என்ற நம்பிக்கையையும் தெரிவித்தார். தராசு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்!

1789-ல் வெளிவந்த அவருடைய ரஸாயனப் பாடநூலில், திராட்சை ரசம் புளித்து மதுவாவதைப் பற்றிய அத்தியாயத்தில், அவருடைய மூலக்கொள்கை விளக்கப்பட்டிருக்கிறது. சர்க்கரை இருந்த இடத்தில் சாராயமும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. எந்த மாறுதலிலும் புதிதாக ஒன்றும் சிருஷ்டிக்கப்படுவதில்லை, முன்னிருந்த பொருளின் மொத்தமும் பின்னிருக்கும் பொருளின் மொத்தமும் சமம் என்று கொண்டு, வரவையும் செலவையும் இரு பக்கமாக அங்கே எழுதிக் காட்டுகிறார். குத்தகைக் கம்பெனியின் பேரேட்டில் பழகிய கை இதை எழுதியது என்பதை ஊகிப்பது கடினமன்று. அவர் கொடுத்த எண்கள் சில பிழையுள்ளவை. வெப்பத்தையும் ஒரு மூலப்பொருளாக அவர் எண்ணியதும், எல்லாப் புளிப்பமிலங்களிலும் பிராணவாயு உண்டென்று நம்பியதும் பின்னால் தவறென ஏற்பட்டன. பேரேட்டு முறை மட்டும் இன்றுவரை ரஸாயன சாஸ்திரத்தை ஆண்டுவருகிறது.

நிற்க, நமது தேசத்தோடு இவருக்குள்ள ஒரு தொடர்பையும் இங்கே குறிப்பிடவேண்டும். வெடிமருந்துக்கு முக்கியமான சரக்கு வெடியுப்பு. பழஞ்சுவர்களிலும் தொழுவத்து மண்ணிலும் சாணமும் சிறுநீரும் மக்கி, காற்றோடு கூடி, வெள்ளையாகப் பூப்பது அது; இதுவும் ரஸாயன மாறுதலே. அக்காலத்தில் உலகத்துக்கு மிகுதியான வெடியுப்பு பீஹாரிலிருந்து சென்றது. வங்காளமும் பீஹாரும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனபின் அந்த வழி பிரான்ஸுக்கு அடைபட்டது. ஏழாண்டு யுத்தத்தில் பிரெஞ்சுச் சேனை வெடிமருந்துப் பஞ்சத்தால் வருந்திற்று. 1775-ல் மந்திரி துர்கோ வெடிமருந்து இலாகாவைச் சீர்திருத்தி லவாய்சியரை அதன் நிர்வாகிகளில் ஒருவராக்கினார். உள்நாட்டு மண்ணிலிருந்தே வெடியுப்பு எடுக்கும் முறைகள் அவரால் விருத்தியாயின. சில வருஷங்களில் பிரான்ஸ் தன் தேவைக்குப் போக, ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போராடிய அமெரிக்கர்களுக்கும் வெடிமருந்து கொடுத்தது.

1788-ல் பஞ்சம் வந்தபோது புளுவா நகரத்தாருக்குத் தானியம் வாங்க வட்டியில்லாமல் கடன் கொடுத்தார். ஆனால் ஜனங்களின் நினைவில் நின்றது அதுவன்று. வரி கொடாமல் சரக்கு உள்ளே வருவதைத் தடுக்கப் பாரிஸைச் சுற்றி ஒரு மதில் எழுப்பலாம் என்ற யோசனைக்கு இவர் காரணமாயிருந்தார். கம்பெனி மதிலைக் கட்டிற்று. 1789-ம் வருஷம் ஜூலையில் பாஸ்டில் சிறையைத் தாக்குவதற்கு முன்பே ஜனக்கூட்டம் கொளுத்தியது அந்த மதிலின் சுங்கவாயில்களை! அடுத்த மாதத்தில், நகரத்திலிருந்து வெடிமருந்தை விரோதிகளுக்குக் கடத்துகிறார் என்ற பொய் வதந்தியினால் லவாய்சியர் ஜனங்களின் கையில் சிக்கி மயிரிழையில் உயிர் தப்பினார். 1791-ல் மரா என்பவர் தமது பத்திரிகையில் இவர்மேல் வசைமாரி பொழிந்தார். நெருப்பைப் பற்றி மரா முன்பு வெளியிட்ட ஆராய்ச்சியை அகாடமி அங்கீகரித்ததாகச் சொல்லப்பட்டதை லவாய்சியர் மறுத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பத்திரிகாசிரியன் தன் சொந்தக் கோபத்தைப் பொதுஜனக் கோபமாக அச்சிடுவது எளிது. நம் தொழிலில் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புரட்சியை லவாய்சியர் எதிர்க்கவில்லை. புதிய அளவைகளை வகுக்கும் குழுவில் உழைத்தார். கிலோகிராமுக்கு ஆதாரமாகிய நீரின் எடையை நிர்ணயிக்கும் வேலை இவர் கையில் இருந்தது. 1793 ஆகஸ்டில் அகாடமி கலைக்கப்பட்டது. நவம்பர் 24-ந் தேதி பழைய குத்தகைக்காரர் அனைவரையும் கைதுசெய்ய உத்தரவாயிற்று. சில நாள் மறைந்திருந்து, 28-ந் தேதி மாமனாருடன் தாமே சரணடைந்தார். அளவைக் குழுவைச் சேர்ந்த போர்தா, ஹாவி என்னும் இருவர் அவரை விடுவிக்கும்படி துணிந்து விண்ணப்பித்தனர். போர்தா, லாப்லாஸ் முதலியோர் குழுவிலிருந்து நீக்கப்பட்டதே அதன்பின் நடந்தது. அவரோடு சேர்ந்து புதிய ரஸாயனத்தை வளர்த்து, அப்போது அதிகாரத்துக்கு அருகில் இருந்த சிலர் பகிரங்கமாக வாய் திறக்கவில்லை. சிறையிலும் கணக்கு அவரை விடவில்லை. கம்பெனியின் இறுதிக் கணக்கைத் தயாரிக்கவேண்டி, கைதிகளை அவர்களுடைய பழைய காரியாலயத்திலேயே அடைத்து வைத்தார்கள்.

1794-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி விசாரணை நடந்தது. சட்டம் படித்த கண்ணுடன் அதைப் பார்க்கிறோம். அதிக வட்டி எடுத்தது, சர்க்காருக்குச் சேரவேண்டிய பணத்தைத் தாமதித்தது, புகையிலையில் நீர் கலந்து எடை கூட்டியது ஆகியவை குற்றச்சாட்டுகள். இவை மெய்யேயாயினும் பணத்தைத் திரும்பக் கட்டவேண்டிய வழக்கே. தலை போகும் வழக்கன்று. ஆகவே பிரெஞ்சு ஜனங்களுக்கு விரோதமாக அந்நியருடன் சதி செய்ததாக அதே விஷயங்கள் உருமாற்றப்பட்டன. யார் எப்போது கம்பெனியில் சேர்ந்தார், யார் எதில் கையெழுத்திட்டார் என்ற பேதமின்றி இருபத்தெட்டுப் பேரும் ஒரே மூட்டையாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். புகையிலைக் கலப்படத்தைத் தடுக்க லவாய்சியர் எடுத்துக்கொண்ட முயற்சிகளை எவரும் கேட்கவில்லை. அன்று மாலைக்குள் எல்லோரும் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டனர். மாமனார் போல்ஸ் மூன்றாவது, லவாய்சியர் நான்காவது. வயது ஐம்பது.

குடியரசுக்கு சாஸ்திரிகள் தேவையில்லை என்று நீதிபதி கூறியதாக ஒரு கதை வெகுகாலமாக வழங்குகிறது. அதற்கு நம்பத்தக்க ஆதாரமில்லை. அந்தக் குடியரசு சாஸ்திரிகளைப் பீரங்கி வார்க்கவும் வெடியுப்பு எடுக்கவும் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. அவர் இறந்தது சாஸ்திரியாக இருந்ததற்காக அன்று; வரிக் குத்தகைக்காரராக இருந்ததற்காக. குத்தகை முறையைப் புரட்சி ஒழித்தது முற்றும் சரி, ஒழிக்காதிருந்தால்தான் தவறு. 1791-லேயே அது ஒழிந்துவிட்டது. ஒழிந்த முறைக்காக மூன்று வருஷங்களுக்குப் பின் ஆட்களைப் பிரித்துப் பாராமல் கொன்றதையே நாம் தவறென்கிறோம். மேதை என்பதற்காக அவரை விட்டிருக்கவேண்டும் என்பது நமது வாதமன்று. அவருடன் மாண்ட மற்ற இருபத்தேழு பேருக்கும் தனித்தனி விசாரணை கேட்கும் உரிமை அவருக்கிருந்த அளவே இருந்தது.

எண்பத்தொரு நாள் கழித்து ரோபஸ்பியரும், அதற்கு அடுத்த வாரத்தில் அந்த விசாரணையை நடத்திய நீதிபதி கோஃபினாலும் அதே கருவிக்கு இரையானார்கள். ஒரே நாளில் தகப்பனையும் கணவனையும் இழந்த மேரி அம்மையாரும் சில காலம் சிறையிலிருந்து மீண்டார். பறிமுதலான புத்தகங்களும் கருவிகளும் 1795-ல் அவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. கணவர் சிறையில் தொகுக்கத் தொடங்கியிருந்த கட்டுரைகளை அவர் அச்சிட்டு, சாஸ்திரிகளுக்கு இலவசமாக வழங்கினார். 1805-ல் ரம்ஃபர்டு பிரபுவை மறுமணம் செய்தபோதும் லவாய்சியர் என்ற பெயரைக் கைவிட இணங்கவில்லை. 1836-ல் காலமானார். அந்தத் தராசுகள் இன்றும் பாரிஸில் கலைத்தொழில் காட்சிசாலையில் இருக்கின்றன.

குத்தகைக் கம்பெனியின் கணக்கு மட்டும் பாக்கியிருந்தது. அது நெப்போலியன் காலத்தில், 1806-ல் பரிசீலித்து முடிக்கப்பட்டது. குத்தகைக்காரர்கள் சர்க்காருக்குக் கொடுக்கவேண்டியது ஒன்றுமில்லையென்றும், சர்க்காரே அவர்களுக்குக் கொடுக்கவேண்டியிருந்ததென்றும் அப்போது தெரியவந்தது.